ஊர்ப் பெரியவர்களிடம் ‘எந்த வருஷம்?’ என்று கேட்டுப் பயன் உண்டா?

2024 ஜனவரி 9, கேள்வி

திருத்துறைப்பூண்டிக்குத் தெற்கே எங்கள் ஊர். எண்பது தாண்டியவர்கள் பதினொரு பேர் இருக்கிறார்கள். ஒவ்வொருவரைப் பற்றியும் இரண்டிரண்டு பக்கம் எழுதி வைக்க ஆசை. ஆனால் முதல் வரியிலேயே மாட்டிக்கொண்டேன். எந்த வருஷம் பிறந்தீர்கள் என்று கேட்டால் சிரிக்கிறார்கள். ஆதார் அட்டையைப் பார்த்தால் பாதிப் பேர் ஜனவரி 1 அன்று பிறந்திருக்கிறார்கள். வயதே தெரியாமல் ஒருவருடைய வாழ்க்கையை எப்படி எழுதுவது? யாராவது செய்து பார்த்திருக்கிறீர்களா?

2024 ஜனவரி 9, இரவு

நானும் அந்தப் பக்கத்துக்காரன்தான். செய்து பார்த்திருக்கிறேன், சொதப்பியும் இருக்கிறேன். வருஷத்தைக் கேட்காதீர்கள். எந்தப் புயல், எந்தத் தேர்தல், எந்தக் காசு என்று கேளுங்கள்.

நம் பக்கத்தில் புயல்தான் காலண்டர். 1952, 1955, 1977, கடைசியாக 2018-இல் கஜா. என் பெரியப்பா புயலில் பிறந்தவர். அவர் பிறந்த அன்று கூரை பறந்துபோய், அப்பாயி நெல் குதிருக்குப் பின்னால் பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு விடிய விடிய உட்கார்ந்திருந்தாராம். அது 1955 புயல். பக்கத்து வீட்டு ஆயா ஒருவர் தாது வருஷப் பஞ்சத்தில் பிறந்தவர். இப்படி ஒவ்வொருவருக்கும் ஒரு முளை அடித்துவிட்டால் மற்றதைக் கட்டிக்கொள்ளலாம்.

2024 ஜனவரி 10

சரி, சரி. காலையில் எழுந்து பார்த்தால் ஆளாளுக்குக் கணக்குப் போட்டு வைத்திருக்கிறீர்கள். தாது வருஷப் பஞ்சம் 1876 முதல் 1878 வரை. அதில் பிறந்திருந்தால் ஆயாவுக்கு இப்போது 147 வயது. அவரைப் பார்க்க டிக்கெட் போடலாம் என்று எழுதிய நண்பருக்கு வணக்கம்.

ஆயா சொன்னது “நான் தாது வருஷம்” என்று மட்டும்தான். பஞ்சத்தைச் சேர்த்தது நான். தமிழ் வருஷம் அறுபது முடிந்தால் மறுபடி முதலிலிருந்து வரும். 1876-இல் வந்த தாது 1936-இல் வந்தது, 1996-இலும் வந்தது. ஆயா 1936. பஞ்சத்தைப் பற்றி அவருடைய பாட்டி, தன் பாட்டி சொன்னதாகச் சொல்லியிருக்கிறார். அதை ஆயா நேற்று நடந்ததைப் போலச் சொல்லுவார்: எறும்புப் புற்றைத் தோண்டி உள்ளே இருந்த தானியத்தை எடுத்துத் தின்றார்கள் என்று. கேட்ட கையோடு நானும் அவரைப் பஞ்சத்தில் பிறக்க வைத்துவிட்டேன்.

ஆக, பெரியவர் தமிழ் வருஷம் சொன்னால் எந்தச் சுற்று என்று பார்த்துக்கொள்ளுங்கள். எண்பது, தொண்ணூறு வயதுக்காரர்களிடம் பெரும்பாலும் தகராறு வராது. அவர்கள் கேள்விப்பட்டதைச் சொல்லும்போதுதான் அறுபது வருஷம் சறுக்கும்.

2024 ஜனவரி 10, மதியம்

இன்னும் சில முளைகள், நினைவுக்கு வருகிற வரிசையில்.

மேட்டூர் அணை திறந்தது 1934 ஆகஸ்ட். “மேட்டூர் தண்ணி வந்த வருஷம்” என்பார்கள். நயா பைசா வந்தது 1957 ஏப்ரல் 1. அதற்கு முன்னால் ரூபாய்க்குப் பதினாறு அணா. முதல் கூலியை அணாவில் வாங்கினாரா, பைசாவில் வாங்கினாரா என்று கேட்டால் ஒரு கோடு விழுந்துவிடும். அணாவும் இல்லை, பைசாவும் இல்லை, நெல்தான் என்பவர்கள் நம் பக்கத்தில் நிறைய. அவர்களிடம் ஆடுதுறை இருபத்தேழு நட்டபோது கல்யாணம் ஆகிவிட்டதா என்று கேளுங்கள். அந்த ரகம் வந்தது 1965. நடவுக்குப் போன பெண்களுக்கு நெல் ரகம் மறக்காது. எது நடும்போது இடுப்பு ஒடிந்தது, எது அறுக்கும்போது கதிர் கொட்டியது என்று வரிசையாகச் சொல்லுவார்கள்.

முதல் ஓட்டு இன்னும் நல்ல முளை. அன்றைக்கு ஓட்டுரிமை 21 வயதில்தான். பதினெட்டாகக் குறைந்தது 1989-இல். 1952, 1957 இரண்டு தேர்தலிலும் வேட்பாளருக்கு ஒரு பெட்டி, பெட்டி மேல் சின்னம். பிடித்த பெட்டியில் சீட்டைப் போட்டுவிட்டு வரவேண்டியதுதான். சீட்டில் முத்திரை குத்துகிற முறை அதற்கு அப்புறம் வந்தது. “காளை மாட்டுப் பெட்டியில் போட்டேன்” என்று ஒருவர் சொன்னால் அவர் 1936-க்குப் பின்னால் பிறந்திருக்க முடியாது.

2024 ஜனவரி 10, பத்து நிமிஷம் கழித்து

மேலே எழுதியதைப் படித்ததும் எனக்கே ஒன்று உறைத்தது. அப்பாயி பெரியப்பா பிறந்த கதையைச் சொல்லும்போது, “அந்த வருஷம்தான் பெட்டியில ஓட்டுப் போட்டோம், தை மாசம், கார்த்திகையில புயல்” என்பார். தையில் தேர்தல் என்றால் 1952 ஜனவரி. 1957 தேர்தல் மார்ச்சில் நடந்தது, அந்த வருஷம் புயலும் இல்லை. 1952 புயலும் கார்த்திகை, 1955 புயலும் கார்த்திகை, இரண்டும் நவம்பர் கடைசி. நான் இருபது வருஷமாக 1955 என்று சொல்லிக்கொண்டு திரிகிறேன். பெரியப்பாவின் பள்ளிச் சான்றிதழில் 1955 என்று இருந்ததுதான் காரணம்.

2024 ஜனவரி 14

போகிக்கு ஊருக்கு வந்தேன். பெரியப்பாவிடமே கேட்டாயிற்று. அவர் மாடு மேய்த்துவிட்டு ஏழு வயது கழித்துத்தான் பள்ளிக்குப் போனார். அந்தக் காலத்தில் கையைத் தலைக்கு மேலே சுற்றிக் காதைத் தொட்டால் ஐந்து வயது ஆகிவிட்டது என்று கணக்கு. இவருடைய கை காதைத் தாண்டித் தோளுக்கே போயிருக்கும். வாத்தியார் எந்தப் புயல் என்று கேட்டாராம். கூட வந்த தாத்தா, “போன புயல்தான்” என்றாராம். வாத்தியார் ஐந்து வயது வருகிற மாதிரி 1955 என்று எழுதிவிட்டார்.

புயலை மாற்றிப் போட்டதில் பெரியப்பாவுக்கு அரசு வேலையில் மூன்று வருஷம் கூடுதல் சர்வீஸ். “ரெண்டு புயலும் நமக்கு நல்லதுதான் பண்ணிச்சு” என்று சிரிக்கிறார்.

ஆவணம் இல்லாமல் வாய்ப்பேச்சை நம்பக்கூடாது என்று இங்கே கண்டிப்பாக எழுதியிருந்த நண்பர் இதைக் கவனிக்கவும். முத்திரை குத்திய காகிதம் தப்பு, எழுதப் படிக்கத் தெரியாத அப்பாயி சரி. வேலைக்குப் போனவருக்கு வயது குறையும். முதியோர் உதவித்தொகைக்கு எழுதிப் போட்டவருக்கு வயது கூடும். ஜனவரி 1 என்று இருந்தால் அட்டை எடுத்தவர் குத்துமதிப்பாகப் போட்டது.

2024 ஜனவரி 16

மாட்டுப் பொங்கல். ஆயா வீட்டில் ஒரு மணி நேரம். ஒரு கேள்வியிலேயே முக்கால் மணி நேரம் போனது: கணவர் பெயர் என்ன?

சொல்ல மாட்டேன் என்கிறார். “சிக்கல்ல இருக்கிற முருகன் பேரு” என்றார். நாகப்பட்டினத்துக்குப் பக்கத்தில் இருக்கிற சிக்கல் ஊரைச் சொல்கிறார். எனக்குப் புரிந்துவிட்டது, ஆனாலும் அவர் வாயால் பதிவாகட்டும் என்று அசடாக மறுபடி கேட்டேன். பேத்தியைக் கூப்பிட்டு, “நீ சொல்லுடி” என்றார். பேத்திக்கும் அதே பெயருள்ள ஒருவர்தான் மாமனார், அவளும் தயங்குகிறாள். கடைசியில் ஆறு வயதுக் கொள்ளுப்பேரன் திண்ணையில் நின்று கத்தினான். ஆயா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சிரித்ததும் பதிவாகியிருக்கிறது. கணவர் இறந்து முப்பது வருஷம் இருக்கும்.

அந்தச் சிரிப்புக்கு எந்த வருஷம் போடுவது?

2024 பிப்ரவரி 2

கேள்வி கேட்டவர் தனிச் செய்தியில் கேட்டார்: என்ன கருவி வாங்கலாம்? போன் போதும். ஆனால் ஒன்று. 2016-இல் அப்பாயியிடம் பேசியதை நேற்று இரவு மறுபடி கேட்டேன். 47 நிமிஷம். அதில் பெரும்பகுதி என் குரல். “அது எந்த வருஷம் அப்பாயி?”, “அப்போ உங்களுக்கு என்ன வயசு இருக்கும்?”, “அதுக்கு முன்னாடியா, பின்னாடியா?” போலீஸ்காரன் மாதிரி. 31-ஆவது நிமிஷத்தில் அவராக, “எழுவத்தேழுல தீபாவளிப் பலகாரம் டின்னுல அப்படியே இருந்துச்சு…” என்று ஆரம்பிக்கிறார். 1977 புயல் தீபாவளி முடிந்த கையோடு, நவம்பர் 12 விடிகாலையில் நாகப்பட்டினத்துக்குத் தெற்கே கரையேறியது. மற்றவர்களுக்கு வருஷம் தெரியாது என்று நான் பீற்றிக்கொண்டிருந்தபோது அவரே வருஷம் சொல்லி ஆரம்பிக்கிறார். நான் என்ன செய்தேன் தெரியுமா? “இருங்க, அதுக்கு முன்னாடி 55 புயலை முடிச்சுக்கலாம்” என்கிறேன். அதுவும் இல்லாத 55.

அப்புறம் அந்தப் பலகாரக் கதை வரவே இல்லை. அடுத்த வருஷம் அப்பாயி போய்விட்டார். டின்னில் இருந்தது என்ன ஆயிற்று என்று வீட்டில் எல்லாரையும் கேட்டுப் பார்த்தேன். பெரியப்பாவுக்கு ஞாபகம் இல்லை. அத்தை, அதிரசம் என்கிறார். அப்பா, முறுக்கு என்கிறார்.

2024 பிப்ரவரி 3

ஜனவரி 9-இல் நான் எழுதியதைத் திருத்துகிறேன். முளை அடிப்பதெல்லாம் சரிதான். ஆனால் பெரியவர் எதிரில் உட்கார்ந்துகொண்டு அடிக்காதீர்கள். அவர் பேசட்டும். வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டுக்கொள்ளலாம்.

2024 பிப்ரவரி 20

“உங்கள் பதினொரு பேரில் எத்தனை பேர் கீழத் தெரு?” என்று ஒருவர் கேட்டிருந்தார், கேள்வி கேட்டவரிடம். அவர் இன்னும் பதில் சொல்லவில்லை. அவரை விடுங்கள், என் கதையைச் சொல்கிறேன்.

முதல் தடவை நான் எல்லாரையும் கோயில் வாசலுக்கு வரச் சொன்னேன். பொது இடம் என்று என் நினைப்பு. கீழத் தெருவிலிருந்து வந்த இரண்டு பாட்டிகளும் ஓரமாக நின்றார்கள், உட்காரவில்லை, கேட்டதற்கெல்லாம் “ஆமாங்க” என்றார்கள். மறுநாள் காலையில் களத்து மேட்டில் அவர்கள் உளுந்து புடைத்துக்கொண்டிருந்தபோது போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன். நான் கேட்கவே இல்லை. ஒருவர் முறத்தை நிறுத்தாமல், தன் அப்பாவைச் சாட்டையால் அடித்ததையும் சாணிப்பால் குடிக்க வைத்ததையும் சொன்னார். தஞ்சை மாவட்டத்தில் பண்ணையாட்களுக்கு நடந்த கொடுமை அது. பி. சீனிவாசராவ் போன்ற கம்யூனிஸ்ட் தலைவர்கள் 1940-களில் சங்கம் கட்டிப் போராடித்தான் அது நின்றது. பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது 1952-இல்.

அதாவது நான் ‘புயல் வருஷம்’ என்று முளை அடித்த அதே 1952. அந்தப் பாட்டியிடம் புயலைக் கேட்டேன். “அடிச்சுது. கூரை போச்சு. கூரை வருஷா வருஷம் போகும்” என்றார். அவருக்கு அது முளை இல்லை. அளவு மரக்கால் மாறிய வருஷம்தான் முளை. கூலி அளக்கிற மரக்காலும் பண்ணை தனக்கு அளந்துகொள்கிற மரக்காலும் ஒன்றாக ஆனது எந்த அறுப்பில் என்று நாள் கிழமையோடு சொன்னார்.

2024 ஏப்ரல் 20

நேற்று ஓட்டுப் போட ஊருக்குப் போனேன். இந்தத் தடவை 85 ஆனவர்கள் வீட்டிலிருந்தே ஓட்டுப் போடலாம். எங்கள் தெரு முனைத் தாத்தாவுக்கு அட்டையில் 84. தாத்தா பிறந்தது பவ வருஷம் ஆவணி, மேட்டூர் திறந்த அதே சமயம். ஆக 89. 1957-இல் பெட்டியில் ஓட்டுப் போட்டதை அவரே சொல்லியிருக்கிறார். அட்டைப்படி பார்த்தால் அப்போது பதினேழு வயதுப் பையன்.

ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போனோம். வீட்டிலேயே போடலாம் என்று சொல்லியிருந்தாலும் கேட்டிருக்க மாட்டார். சலவை வேட்டி, நெற்றி நிறையத் திருநீறு.

வழியெல்லாம் உப்புச் சத்தியாகிரகக் கதை. ராஜாஜி படை இந்த ரோட்டில்தான் வேதாரண்யத்துக்குப் போனது. சோறு தண்ணீர் கொடுப்பவர்களைப் பிடித்து உள்ளே போடுவேன் என்று தஞ்சாவூர் கலெக்டர் தோர்ன் உத்தரவு போட்டிருந்தார். ஜனங்கள் சோற்றுப் பொட்டலத்தை மரக்கிளையில் கட்டித் தொங்கவிட்டுவிட்டு ஒதுங்கிக்கொண்டார்கள். “அந்தா, அந்தப் புளியமரம் இருந்த இடம். நான்தான் கட்டினேன். புளியஞ்சோறு” என்றார்.

படை திருச்சியில் கிளம்பியது 1930 ஏப்ரல் 13, வருஷப் பிறப்பன்று. தாத்தா பிறந்தது 1934.

2024 ஏப்ரல் 21

“பெரியவர் புளுகுகிறார், அந்தப் பகுதியை வெட்டிவிடுங்கள்” என்று மூன்று பேர். என் முதல் யோசனையும் அதுதான் என்பதை ஒத்துக்கொள்கிறேன்.

இத்தாலியில் தெர்னி என்று ஒரு இரும்பாலை ஊர். அங்கே ஊர்வலத்தில் போன ஓர் இளம் தொழிலாளி போலீஸ் மோதலில் செத்தது 1949-இல். அலெசாந்த்ரோ போர்த்தெல்லி என்கிற ஆய்வாளர் அந்த ஊர்ப் பெரியவர்களிடம் கேட்டுக்கொண்டு போனார். பலரும் அது 1953-இல், ஆட்குறைப்புக்கு எதிராகத் தெருவில் இறங்கியபோது நடந்தது என்றே சொன்னார்கள். அவர் அதைத் தப்பு என்று தள்ளவில்லை. ஏன் எல்லாரும் ஒரே பக்கமாக நகர்த்துகிறார்கள் என்று அதையே ஆராய்ந்தார். அந்தச் சாவு வீணாகப் போகவில்லை என்று அவர்களுக்குப் பட்ட இடத்தில் கொண்டுபோய் வைத்திருக்கிறார்கள்.

ஆனால் தெர்னிக்காரர்கள் அந்தக் காலத்தில் இருந்தவர்கள். எங்கள் தாத்தா பிறக்கவே இல்லையே. அந்த உதாரணம் இதற்குப் பொருந்துகிறதா என்று எனக்கே சரியாகப் படவில்லை. பொறுங்கள்.

2024 ஏப்ரல் 21, இரவு

என்னை உறுத்துவது வருஷம் இல்லை, அவருடைய கை. பொட்டலம் கட்டியதைச் சொல்லும்போது மடியில் இல்லாத வாழையிலையை எடுத்து நாலு பக்கமும் மடிக்கிறார், இல்லாத நாரை இரண்டு சுற்றுச் சுற்றுகிறார், இடது ஆள்காட்டி விரலை முடிச்சு விழுகிற இடத்தில் அழுத்தி வைத்துக்கொண்டு இழுக்கிறார். புளுகுகிறவன் முடிச்சு வரைக்கும் போக மாட்டான்.

2024 மே 27

இந்த இழை செத்துவிட்டது என்று நினைத்தவர்களுக்கு: கேள்வி கேட்டவர் ஏழு பேரை முடித்துவிட்டாராம். ஒருவர் சித்திரையில் தவறிவிட்டார். அந்தச் சாவில் பெண்கள் பாடிய ஒப்பாரியை எழுதி எடுத்ததாகச் சொல்கிறார். அவர் இரண்டு மணி நேரம் கேட்டும் கிடைக்காதவை அதில் இருந்தனவாம்: விற்ற மாட்டின் நிறம், கிணற்றில் விழுந்த பிள்ளை, நாத்தனாரோடு பேசாமல் இருந்த பன்னிரண்டு வருஷம். பக்கத்து ஊரிலிருந்து வந்த கிழவி ஒருவர் எல்லாவற்றையும் வரிசை தப்பாமல் வைத்துப் பாடினாராம். வருஷம் மட்டும் இல்லை, வழக்கம்போல.

உயிரோடு இருப்பவரிடம் ஒப்பாரியைப் பாடிக் காட்டச் சொல்லிக் கேட்க முடியாது, கேட்டவரே வந்து விளக்கட்டும் என்று யாரோ எழுதியிருந்தார்கள். எங்கள் ஆயா கேட்காமலே பாடுவார், தனக்கே. மழை வந்தால் நிறுத்துவார்.

2024 ஜூன் 16

முனைத் தாத்தாவின் அக்கா, மகள் வீட்டில், மன்னார்குடிப் பக்கம் இருக்கிறார் என்று கேள்விப்பட்டுப் போனேன். 92. கண் தெரியவில்லை, காது நன்றாகக் கேட்கிறது. பேச்சு மெல்ல உப்பு ஊர்வலத்துக்கு வந்தது, நான் கொண்டுவரவில்லை. தம்பி புளியமரத்தில் பொட்டலம் கட்டியதாகச் சொல்கிறாரே என்றேன்.

“அவனா? அவன் எங்கே கட்டினான்? அவன் அப்போ பொறக்கவே இல்லையே. நான்தான் கட்டினேன்!”

ஆங்கீரச வருஷம் என்று அவர் சொல்லி முடித்து ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை. 1932. நான் வாயைத் திறக்கவில்லை. எப்படிக் கட்டினீர்கள் பாட்டி என்று மட்டும் கேட்டேன்.

இலையை மடித்தார். நாரை இரண்டு சுற்றுச் சுற்றினார். இடது ஆள்காட்டி விரலை அதே மாதிரி அழுத்தி வைத்துக்கொண்டு இழுத்தார்.

யார் சொல்லிக்கொடுத்தது?

“அம்மாதான், வேற யாரு? தினம் இதைச் சொல்லிச் சொல்லித்தானே எங்க ரெண்டு பேருக்கும் சோறு ஊட்டுவா.”

வீட்டுக்கு வந்து தாத்தாவின் வீடியோவை ஓட்டிப் பார்த்தேன், இரண்டு கையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம் என்று. பதினெட்டு நிமிஷமும் முகத்தைத்தான் எடுத்திருக்கிறேன். கை படத்தில் விழவே இல்லை. ஞாயிற்றுக்கிழமை மறுபடி போகிறேன். நார் எடுத்துக்கொண்டு போவதா வேண்டாமா என்று யோசிக்கிறேன்.